தலைவர் பிடிபட்ட பிறகு

எங்கள் வீட்டில் எந்த விஷயமானாலும் கை தூக்கித்தான் முடிவு செய்வோம் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவதா கறி வாங்குவதா, பொங்கலுக்குச் சுவரில் நீலம் அடிப்பதா ரோஸ் அடிப்பதா, நான் டைப்ரைட்டிங் சேர்வதா கம்ப்யூட்டர் சேர்வதா, எல்லாவற்றுக்கும் ஓட்டு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தீர்மானத்த படிக்கிறேன்" என்று ஆரம்பிப்பார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "படி, படி. கொழம்பு அடிபுடிக்கறதுக்குள்ள படிச்சி முடி" என்பாள். நைனா, அம்மா, அண்ணன், நான். மொத்தம் நாலு கை. சமமாக வந்துவிட்டால் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பேச வேண்டும். முடிவான பிறகு யாரும் முணுமுணுக்கக் கூடாது என்பது நைனாவின் சட்டம். நான் தோற்றால் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அண்ணன் அப்படியில்லை. தோற்றாலும், "சரி, வூடு முடிவு பண்ணிடுச்சி" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்தச் சட்டத்தை நிஜமாக மதித்தவன் அவன் ஒருவன்தான்.

நைனா இந்தப் பழக்கத்தை யூனியனிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். திருவொற்றியூரில் ஒரு பெரிய ஆலையில் அவர் பர்மனெண்ட் தொழிலாளி. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதை வேறெதற்கும் கிடையாது. மாப்பிள்ளை பார்க்கும்போது நிறம், படிப்பு, குணமெல்லாம் அப்புறம்தான். பர்மனெண்டா காண்ட்ராக்டா என்பதுதான் முதல் கேள்வி. உலகத்தில் நடக்கும் எதையும் ஆலையை வைத்துத்தான் புரிந்துகொள்வோம். தேர்தலில் ஆட்சி மாறினால், "பழைய மேனேஜரு போயி புது மேனேஜரு வந்துகீறாரு. ஷிப்டு அதே ஷிப்டுதான்" என்பார் நைனா. இதைக் கேட்டே வளர்ந்ததால் எனக்கும் ரொம்ப வருஷம் உலகம் ஒரு கேட்டும் நாலு ஷெட்டுமாகத்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு, கொடி கட்டி, கஞ்சித்தொட்டி வைத்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விடிகாலையில் போலீஸ் ஜீப் வந்து யூனியன் தலைவரை அவர் வீட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டு போனது. செய்தி பரவியதும் பந்தலில் கூட்டம் இரண்டு மடங்கானது. கோஷம் எங்கள் தெருவரைக்கும் கேட்டது. அது கொஞ்ச நாள்தான். அப்புறம் ஒவ்வொருவராகப் பின் கேட்டு வழியே வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். மார்க்கெட்டுக்குப் போவதுபோல் காய்கறிப் பைக்குள் சாப்பாட்டு டப்பாவை ஒளித்து எடுத்துப் போனார்கள்.

நைனாவும் அவரைப் போன்ற பிடிவாதக்காரர்கள் கொஞ்சம் பேரும் மட்டும் பந்தலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு உள்ளே போன பஸ்ஸின் மேல் கல் விழுந்தது. எறிந்தவர் நைனா. உள்ளே போனவர்கள் பர்மனெண்டாகவே இருந்தார்கள், வெளியே நின்றவர்களுக்கு வேலை போனது. நைனா சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டுக்கு வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே பேச்சு. "தலைவன புடிச்சிட்டா ஆட்டம் குளோஸ். அப்பால நிக்கறவன் முட்டாளு." அவர் திட்டுவது தன்னைத்தான் என்று எங்களுக்குத் தெரியும்.

அண்ணன் வண்ணாரப்பேட்டையில் ஒரு பாயின் பிரியாணிக் கடையில் வேலை செய்தான். வெங்காயம் நறுக்குவதில் தொடங்கி, தம் போடும் அளவுக்கு வந்துவிட்டான். இரண்டாயிரத்து மூன்றில் ஓர் ஏஜெண்டு, குவைத்தில் ஓட்டல் வேலை என்று சொல்லிச் சமையல் தெரிந்த ஆட்களைச் சேர்த்தான். அண்ணன் போவதற்கும் எங்கள் வீட்டில் ஓட்டு நடந்தது. நாலு கையும் தூக்கினோம். குவைத்துக்குத்தான் தூக்கினோம். அங்கே போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே அவர்களை லாரியில் ஏற்றி எல்லையைத் தாண்டி ஈராக்குக்குக் கொண்டுபோய், அமெரிக்கப் பட்டாளத்தின் முகாம் ஒன்றில் சமையல்கட்டில் விட்டுவிட்டார்கள். இதை அண்ணன் போனில் சொன்னபோது அம்மா ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுப் பூத் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த பூத்தில்தான் எனக்கு வேலை. தெருமுனையில் எஸ்.டி.டி. பூத், உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டின் கதவை மூடினால் உள்ளே பேசுவது வெளியில் கேட்காது. வீட்டில் போன் இல்லாததால் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பூத் நம்பருக்கே கூப்பிடுவான். நாங்கள் மூன்று பேரும் கூண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்று மாற்றி மாற்றிப் பேசுவோம்.

அவன் சொன்னதிலிருந்துதான் அந்த நாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. சண்டை தொடங்கிச் சில வாரங்களிலேயே அங்கே ஆட்சி விழுந்துவிட்டது. அதிபர் எங்கேயோ ஒளிந்துகொண்டார். "கவர்மெண்டு ஆபீஸ்ல கதவு, ஜன்னலு, பேனு எதுவும் இல்ல பாப்பா. அல்லாத்தையும் கழட்டிகினு பூட்டாங்க. வெறும் செவுருதான் நிக்கிது" என்றான். முகாமில் பாத்திரம் கழுவ உள்ளூர் ஆட்கள் வருவார்களாம். அவர்களில் ஒருவர் ஏதோ ஓர் அரசாங்க இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்தவர். தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அண்டா தேய்ப்பாராம். "எங்க ஆளு திரும்பி வருவாரு, ஆபீசு தொறக்கும், நான் போயி என் சேர்ல குந்துவேன்னு சொல்லிகினே கீறாரு" என்று சொல்லி அண்ணன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

டிசம்பர் தொடக்கத்தில் பேசியபோது அவன் சிரிக்கவில்லை. பொழுது சாய்ந்தால் முகாமுக்குள் குண்டு வந்து விழுகிறது என்றான். தமிழ்நாட்டு ஆட்கள் சிலர் பயந்துபோய் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்கிறார்கள், மாதக் கடைசியில் குவைத்துக்கு ஒரு லாரி போகிறது, வர விரும்புகிறவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம், ஆனால் ஏறிவிட்டால் வேலை போனது போனதுதான். "எனக்கு ஒன்னும் புரியல நைனா. நீங்க கூட்டம் போட்டு இன்னா முடிவுன்னு சொல்லுங்க. அப்டியே செய்யறேன்" என்றான்.

அன்றைக்கே கூட்டம் போட்டோம். நைனா வழக்கம்போல் தொண்டையைச் செருமினார், ஆனால் தீர்மானத்தைப் படிக்க அம்மா விடவில்லை. "என் புள்ள வூட்டுக்கு வரட்டும்" என்று கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். நைனா கொஞ்ச நேரம் எங்கள் இருவர் கையையும் பார்த்தார். அப்புறம் அவரும் தூக்கினார். அடுத்த ஞாயிறு அவன் கூப்பிட்டதும் கிளம்பி வா என்று சொல்வதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அன்றைக்குத்தான் அந்த அதிபர் பிடிபட்ட செய்தி வந்தது.

பூத்துக்குப் பக்கத்து டீக்கடையில் டிவி இருந்தது. சாயங்காலம் பார்த்தால் ரோட்டில் பாதி தூரத்துக்கு ஆள். தாடி வளர்ந்து முடி கலைந்த ஒரு மனிதரின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப அதையே காட்டினார்கள். எனக்கு அதைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. ஒரு நாட்டையே ஆட்டிப்படைத்தவர், பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நைனா யார்டு காக்கிச் சட்டையோடு கூட்டத்தின் முன்னால் நின்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை.

"முடிஞ்சிடுச்சி பாப்பா!" என்று பூத்துக்குள் வந்து கத்தினார். "தலைவன புடிச்சிட்டான். இனிமே யாரு நிப்பான்? ஒவ்வொருத்தனா டப்பாவ தூக்கிகினு பின் கேட்டு வழியா உள்ள பூடுவான், பாரு."

அப்போது அண்ணனின் பழைய முதலாளி பாய் அங்கே இருந்தார். அண்ணனிடமிருந்து போன் வந்ததா என்று கேட்க வந்தவர். "இன்னா முடிஞ்சிது? அவரு கவர்மெண்டு போயி மாசக்கணக்காவுது. கையில ஒன்னியும் இல்லாத ஆளத்தான் புடிச்சிகீறாங்க. சுடறவன் இவரு சொல்லியா சுடறான்? நீ எதுக்கும் புள்ளய வரச் சொல்லுப்பா" என்றார்.

நைனா அவரைப் பார்த்துச் சிரித்தார். "நீ யூனியன்ல இருந்தது இல்ல பாய். உனுக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் கூட்டம் போட வேண்டும் என்றார். நிலைமை மாறிவிட்டது, பழைய தீர்மானம் செல்லாது. சண்டை முடிந்த ஊரில் இனிமேல் கட்டடம் கட்டுவார்கள், ஓட்டல் திறப்பார்கள், முதலிலிருந்தே அங்கே இருந்தவனுக்குத்தான் பர்மனெண்ட். இப்போது லாரியேறி வருவது, ஆலைக் கேட்டு திறக்கும் நேரத்தில் பந்தலில் உட்கார்ந்திருப்பது மாதிரி என்று அடுக்கினார். அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய் வந்த அலுப்பில் இருந்தாள். ஐஸில் ஊறிய விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "ஒரு தபா கைய தூக்கினா தூக்கினதுதான். உன் சட்டம்தானே? அவன் வரட்டும்" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை.

அண்ணன் அந்த வாரத்திலேயே, ஞாயிறுக்குக் காத்திராமல் ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டான். அம்மா ஷெட்டில் இருந்தாள். எனக்கு கவுண்டரில் வரிசையாக ஆட்கள். நைனா வேலை முடிந்து நேராக அங்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் "அண்ணே, எப்டி கீற?" என்று கேட்பதற்குள் கூண்டுக்குள் வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டு, என்னைக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டுக் கதவை மூடிக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கேட்டருகே நின்று ஆட்களுக்கு எடுத்துச் சொல்லும்போது அப்படித்தான் கையை ஆட்டுவார். வெளியே வந்தபோது அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"இன்னா நைனா, எப்ப வருதாம் அண்ணன்?"

"இருக்கறேன்னு சொல்லிட்டான்மா. அங்க எல்லாம் அடங்கிடுச்சாம். அவனே சொல்றான்."

அம்மாவிடமும் அதையேதான் சொன்னார். அம்மா நம்பினாள், ஆனால் மனசு ஆறவில்லை. "நாம கை தூக்கினத சொன்னியா? சொல்லியுமா இருக்கறேங்கறான்?" என்று கேட்டாள். நைனா தலையை ஆட்டினார். "கேக்க மாட்டேங்கறான். பெரியவனாயிட்டான்" என்றார். அதன் பிறகு சில நாள் அம்மா அண்ணன்மேல் கோபமாகவே இருந்தாள். வூடு சொன்னதைத் தட்டிவிட்டானே என்று ஷெட்டில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் குறைபட்டுக்கொண்டாள். அவனையே கேட்கலாம் என்றால் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போனே வரவில்லை, முகாமில் லைன் கெட்டுக் கிடக்கிறது என்றான் ஏஜெண்டு.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் ஏஜெண்டு எங்கள் வீடு தேடி வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குச் சமையல் சாமானோடு போன லாரிகளை வழியில் தாக்கிவிட்டார்கள், அண்ணன் போன லாரி எரிந்துவிட்டது என்றான். அம்மா போட்ட சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

சண்டை முடியவே இல்லை. அந்த அதிபர் பிடிபட்ட பிறகுதான் அது அதிகமானது என்று அப்புறம் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் பெயரைச் சொல்லிச் சுட்டவர்கள் இருந்தார்கள், அவரை வெறுத்துக்கொண்டே சுட்டவர்களும் இருந்தார்கள். சுடுவதற்கு அவர்களுக்கு அவர் தேவைப்படவே இல்லை. பாய் சொன்னது சரிதான், அரசாங்கம் என்று ஒன்று ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது. எங்கள் ஆலையிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தலைவர் ஜீப்பில் ஏறிய அன்று வேலைநிறுத்தம் முடியவில்லை. அரிசி டப்பா காலியாகி, பிள்ளைகளுக்கு பீஸ் கட்ட முடியாமல், ஒவ்வொரு வீட்டிலும் அது முன்பே முடிந்துபோயிருந்தது. உள்ளே போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதைப் போலீஸ் கொடுத்தது. நைனா அந்தச் சாக்கைக் காரணம் என்று எடுத்துக்கொண்டார்.

உடம்பு வர ரொம்ப நாளானது. நானும் நைனாவும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். ஓர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர், எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "அங்க ஒரு கவர்மெண்ட் இருந்தா எழுதிக் கேக்கலாம்மா. இப்ப யாருக்கு எழுதறது? பட்டாளத்துக்காரன் கம்பெனியக் கேளுங்கறான், கம்பெனி குவைத்தக் கேளுங்குது. இறந்துட்டார்னு கையெழுத்துப் போடக்கூட அந்த ஊர்ல ஆள் இல்ல" என்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த நைனாவுக்கு அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது எங்கள் பஸ் ராயபுரம் தாண்டிக் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. கண்டக்டர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ வாதாடுகிறவர் மாதிரிப் பேசினார்.

"தலைவன புடிச்சா எல்லாரும் பூடுவான்னு சொன்னேனே பாப்பா. நான் போவலியே. நான் நின்னேனே. நானு கல்லு வுட்டேனே. அங்க மட்டும் என்ன மாதிரி ஒருத்தன் இருக்க மாட்டானா? இத்த எப்டி நான் நெனைக்காம பூட்டேன்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்மேல் எனக்கு அப்போது கோபம் இல்லை, பாவமாகத்தான் இருந்தது. தப்புக் கணக்குப் போட்டுவிட்டார், ஊரே போட்டது, அண்ணனும் தன் இஷ்டத்துக்குத்தானே அங்கே இருந்தான் என்று நினைத்தேன். அப்படித்தான் சொல்லி அவரைத் தேற்றினேன். "நீயா இருக்க சொன்ன நைனா? அண்ணன்தானே இருக்கறேன்னுச்சி." அவர் என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அண்ணன் மூடிய பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரியாணிக் கடை பாயும் அவர் ஆட்களும் வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தீர்மானம் படிக்கவில்லை. எதைக் கேட்டாலும் நைனா, "நீங்களே பாத்துக்குங்க" என்பார். சாயங்காலம் யார்டிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தால் சோற்றுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒரு வீட்டை நடத்தியவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே காணாமல் போவதை அப்போதுதான் பார்த்தேன். அம்மா அவரை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை.

வெயில் காலத்தில் ஒரு நாள் விழுப்புரம் பக்கத்து ஆள் ஒருவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். அண்ணனோடு அதே சமையல்கட்டில் இருந்தவர், அந்தக் குவைத் லாரியில் ஏறித் தப்பி வந்தவர். அவர் கிளம்பும்போது அண்ணன் கொடுத்தனுப்பிய பழைய சட்டை இரண்டும் ஒரு சின்ன ரேடியோவும் கொண்டுவந்திருந்தார். அம்மா அப்போதுதான் ஷெட்டிலிருந்து வந்திருந்தாள். அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நைனா வாசற்படியில் இருந்தார்.

என் பிள்ளை அங்கே எப்படி இருந்தான் என்று அம்மா கேட்டாள். அவர் மெதுவாக எல்லாம் சொன்னார். அண்டா தேய்க்க வந்துகொண்டிருந்த அந்த அதிகாரியைப் பற்றியும் சொன்னார். அதிபர் பிடிபட்ட மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவே இல்லையாம். "அதுவரைக்கும் அவரு காத்துக்கிட்டு இருந்தாரும்மா, ஆபீசு தொறக்கும்னு. அவரு வராததப் பாத்துட்டுத்தான் உங்க புள்ளைக்குப் பயம் வந்திடுச்சி. இனிமே இவங்கல்லாம் எங்க போவாங்க, துப்பாக்கியத்தான் தூக்குவாங்கன்னு சொன்னான். பொட்டியெல்லாம் கட்டி வச்சிட்டான். வீட்டுக்கு ஒரு போனப் போட்டுட்டு வந்துடறேன்னு போனான்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"திரும்பி வந்து பொட்டியப் பிரிக்கிறான். என்னடா இதுன்னு கேட்டா, வீட்டுல மறுபடியும் கூட்டம் போட்டாங்களாம், எல்லாரும் இருன்னுதான் கை தூக்கினாங்களாம், எங்கப்பா சொன்னாருன்னான். உங்கம்மா கூடவாடான்னு கேட்டேன். ஆமா, எங்கம்மாதான் மொதல்ல தூக்கிச்சாம், அதுக்கு மேல நான் எப்படிடா வர்றதுன்னான்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

கண்ணாடிக்குள் ஆடிய அந்தக் கை என் கண் முன்னால் நின்றது. வாசலைப் பார்த்தேன். நைனா எழுந்து நின்றிருந்தார், நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார், வாய் திறந்திருந்தது. அம்மாவும் அவரைப் பார்த்தாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கப்போகிறாள், தெருவே கூடப்போகிறது என்று நான் பயந்தேன். உலுக்கட்டும் என்றும் ஒரு மனம் நினைத்தது.

அம்மா அந்த ஆள் பக்கம் திரும்பினாள்.

"ஆமாம்பா. நான்தான் கை தூக்கினேன். சண்ட முடிஞ்சிடுச்சின்னு நெனச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கும். அவரை பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். வழியெல்லாம் அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டே வந்தார். நைனாவை என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

திரும்பி வந்தபோது நைனா அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. "ஏம்மே அப்டி சொன்ன? அந்தாள்கிட்ட ஏன் உன்மேல போட்டுகின? நான்தானே பொய் சொன்னேன். நான்தானே அவன இருக்க வச்சேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் சட்டை அம்மாவின் மடியில் இருந்தது. அதை அவள் மடிக்கவும் இல்லை, முகத்தில் ஒற்றிக்கொள்ளவும் இல்லை. அவளுக்குக் கோபம் இருந்ததா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"நீ சொன்னேன்னு எனக்குத் தெரியும், உனுக்குத் தெரியும். என் புள்ளைக்குத் தெரியாதேய்யா. எங்கம்மாதான் இருக்க சொல்லிச்சின்னு நெனச்சிகினுதான் எரிஞ்சி போன அந்த லாரில ஏறியிருப்பான். அத்த இனிமே யாரு போயி அவன்கிட்ட மாத்தி சொல்றது?"